தேயிலைக்கு அடியில் ஓடியவள்

எங்கள் பொன்னாச்சியை மலையில் யாரும் முழுசாகப் பார்த்ததில்லை. கவ்வாத்து வெட்டி இடுப்பு மட்டத்துக்குத் துளிர்த்து நிற்கிற தேயிலையை மேலாகப் பார்த்தால் பச்சைப் பாய் விரித்த மாதிரி இருக்கும். குனிந்து பார்த்தால்தான் தெரியும், தூருக்குத் தூர் இடம் விட்டு, சருகு மெத்தையாகக் கிடக்க, அடியில் வேறொரு உலகம் இருப்பது. மற்ற நாய்களுக்கு அங்கே முதுகு இடிக்கும். அவை பாதையோடு வரும். பொன்னாச்சிக்குக் கால் ஒரு சாண்கூடக் கிடையாது. அவளுக்கு அதுதான் ராஜபாட்டை.

அம்மா நிரை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது நாலு தூர் தள்ளி ஒரு வாது மெல்ல ஆடும். காற்று என்றால் எல்லா வாதும் சேர்ந்து ஆட வேண்டும். ஒன்று ஆடி, அது நின்று, அதற்கடுத்தது ஆடினால் அது பொன்னாச்சி. "வந்துட்டா பாரு ஒன் சின்ன மக" என்று பக்கத்து நிரைக்காரி சொல்வாள். கொஞ்ச நேரத்தில் அம்மா இடுப்பில் கட்டியிருக்கிற படங்குக்குக் கீழே ஈர மூக்கு ஒன்று முட்டும். அம்மா கையை நிறுத்தாமலே, "போடி, கங்காணி பாக்குறாரு" என்பாள். மறுபடி ஒரு வாது ஆடும், அதற்கடுத்தது ஆடும், அவ்வளவுதான்.

எனக்கு இப்போது அறுபது வயது. கூடலூர்ப் பக்கம் தேயிலைக்கு நடுவேதான் இன்னமும் இருக்கிறேன். ஒரு வாது தனியாக ஆடினால் கண் தானாக அங்கே போய்விடுகிறது. கீரியாக இருக்கும், காட்டுக்கோழியாக இருக்கும். தெரிந்தேதான் பார்க்கிறேன்.

அப்போது நாங்கள் இருந்தது இலங்கையில். எங்கள் தோட்டம் பதுளையிலிருந்து பசறை போகிற பக்கம், நமுனுகுல மலையைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு இருந்தது. ஜூலை பிறந்தால் வறண்ட காற்று ஆரம்பிக்கும். லயம் என்கிற வரிசை வீட்டுத் தகரம் பறக்காமல் இருக்க மேலே கல் ஏற்றி வைப்போம். உதடு வெடிக்கும், கொழுந்து குறையும்; ஆனால் அந்த இரண்டு மூன்று மாதக் கொழுந்தில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகம் முழுக்கப் பேர் வாங்கித் தந்த அந்த வாசம் ஏறும். தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் பக்கத்தில் நின்றால் காற்றே தேத்தண்ணி மாதிரி மணக்கும். ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரைக்கும் விடாது. அந்த மாதங்களில் பொன்னாச்சி பட்ட பாடு தனி. வயிறு தரையை ஒட்டிப் போகிறதால் புல்லில் இருக்கிற தண்ணீரையெல்லாம் அவள் வயிறுதான் துடைத்து எடுத்துக்கொண்டு வரும். கூடவே அட்டையும் வரும். அப்பாயி அவளை இஸ்தோப்பில் மல்லாக்கப் போட்டு, விரல் நுனியில் சுண்ணாம்பு எடுத்து, ஒவ்வோர் அட்டையாகத் தொட்டு உதிர்ப்பாள். நாலு குட்டைக் காலும் வானத்தைப் பார்த்து மடங்கியிருக்கும். வயிற்றுத் தோல் ரோஸ் நிறத்தில், அதில் கறுப்புப் புள்ளிகள். அட்டை விழுந்த இடத்தில் ரத்தம் நிற்காமல் கசியும். அப்பாயி காப்பித்தூளை வைத்து அமுக்குவாள். பொன்னாச்சி மூச்சு விடாமல் அப்பாயியின் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். அந்தப் பார்வையை வேறு எந்த நாயிடமும் நான் பார்த்ததில்லை.

அவள் பங்களாவில் பிறந்தவள். பெரிய துரை ஒரு டாஷ்ஹண்ட் வளர்த்தார். ஜெர்மனியில் வளைக்குள் புகுந்து வேட்டையாடுவதற்கென்றே வளர்த்தெடுத்த ஜாதி அது. நீள உடம்பு, குட்டைக் கால். அது ஒரு நாள் வேலி தாண்டி வந்து லயத்து நாய் ஒன்றோடு சேர்ந்துவிட்டது. குட்டிகள் பிறந்ததும் பங்களாவுக்கு அவமானம். எங்கேயாவது கொண்டுபோய்ப் போடு என்று அப்புவிடம் சொல்லிவிட்டார்கள். பங்களாச் சமையல்காரரைத்தான் அப்பு என்போம். தாத்தா அப்போது பங்களா மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் பால்வாளியில் பால் இல்லாமல் ஒரு குட்டியோடு வந்தார். 1970ஆம் வருடம். எனக்கு ஐந்து வயது. வாளிக்கு மேலே ஒரு காது மட்டும் நிமிர்ந்து தெரிந்தது. இன்னொரு காது கடைசி வரைக்கும் நிமிரவே இல்லை.

வளர்ந்தபோது உடம்பு துரை வீட்டு நீளம், வால் லயத்துச் சுருள், நிறம் காய்ந்த செம்மண். அப்பா "ரெண்டு நாயிக்கு வெட்டுன துணியில ஒரு நாயி தச்சிருக்கு" என்றார். பங்களாவுக்கும் லயத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அந்தக் காலத்துத் தோட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். துரை வந்தால் பாதையை விட்டு இறங்கி நிற்க வேண்டும். அந்தத் தூரத்தை அவள் உடம்பிலேயே சேர்த்துத் தைத்துக்கொண்டு பிறந்திருந்தாள்.

பேர் வைத்தது தாத்தா. அவர் பொன்னர் சங்கர் கூத்தில் சங்கர் வேஷம் கட்டியவர். அவருடைய அப்பா மணப்பாறைப் பக்கத்திலிருந்து கூலிக்கு வந்தவர். அந்த மண்ணின் கதை அது. மலையில் காமன் கூத்து, அருச்சுனன் தபசு மாதிரி பொன்னர் சங்கரும் விடிய விடிய நடக்கும். அந்தக் கதையில் ஒரு குட்டி நாய் வருகிறது. கொம்பன் என்கிற பெரிய பன்றியை வேட்டையாட அண்ணன் தம்பி இரண்டு பேரும் பெரிய பெரிய வேட்டை நாய்களோடு கிளம்புகிறார்கள். தங்கச்சி வீட்டில் இருக்கிற சின்ன நாயை யாரும் கூப்பிடவில்லை. இத்துனூண்டு நாய் என்ன செய்யப் போகிறது என்று விட்டுவிட்டுப் போகிறார்கள். அதற்கு மனசு வெந்துபோகிறது. அந்தக் கோபம் போனவர்களைப் பிடிக்கிறது. காய்ச்சல் வந்து படுத்துவிடுகிறார்கள். கடைசியில் ஆளனுப்பி, மரியாதையோடு அதை அழைத்து வருகிறார்கள். அது வந்த பிறகுதான் கொம்பன் சாய்கிறான். அந்த நாயின் பேர் பொன்னாச்சி.

தாத்தா இந்தக் கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. கேட்டுக்கொண்டே அடுப்புக்கும் அவர் காலுக்கும் நடுவே இவள் சுருண்டு கிடப்பாள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, அதில் நாங்கள் ஆறு பேர். அந்தச் சந்து ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். குட்டை உடம்பு என்பதால் இடம் போதும்.

1973இல் நாடு முழுக்க விசர்நாய்ப் பயம். அந்த ஒரு வருடத்தில் மட்டும் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க் கடியால் இறந்தார்கள் என்று பிற்பாடு படித்தேன். கட்டிப் போடாத நாயைச் சுடச் சொல்லி எங்கள் தோட்டத்தில் உத்தரவு வந்தது. துப்பாக்கிக்காரர்கள் வந்த அன்றைக்கு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அவளைச் சாக்குக்குள் விட்டு, கட்டிலுக்கு அடியில் விறகோடு விறகாக வைத்து, முன்னால் நான் உட்கார்ந்துகொண்டேன். வெளியே வெடிச்சத்தம் கேட்கிறது. லயத்து நாய்களெல்லாம் ஊளையிடுகின்றன. சாக்கு அசையவில்லை. அவர்கள் போன பிறகு பிரித்தால், விறகுச் சிராய் ஒன்றைக் கவ்வியபடி அப்படியே இருந்தாள். வாயைப் பிரித்து எடுக்க வேண்டியதாகப் போயிற்று. இலங்கையில் தெருநாய்களைக் கொல்வதை 2006இல் நிறுத்தினார்கள். அந்தச் செய்தியைப் பார்த்த நாளில் வீட்டில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கொல்லையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

நாய்களைச் சுட்ட அந்த வருடமே பஞ்சமும் வந்தது. 73இலும் 74இலும் அரிசியும் மாவும் இல்லாமல் தோட்டங்கள் பட்டதை எங்கள் தலைமுறைக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூப்பன் அரிசியைக் குறைத்தார்கள், மாவு கிடைக்கவில்லை. கீரையையும் கிழங்கையும் தேடித் தேடித் தின்றோம். தோட்டங்களில் சாவு எகிறிய வருடமாக 74ஐப் புள்ளிவிவரங்களே காட்டுகின்றன. அந்த நாட்களில் நாய்க்குச் சோறு போடுவது என்கிற பேச்சே கிடையாது. பொன்னாச்சி எங்கே போய் எதைத் தின்றாளோ, விலா எலும்பு எண்ணலாம் போல ஆகிவிட்டாள். ஒரு விடியலில் அம்மா கதவைத் திறந்தால் வாசற்படியில் முயல் கிடக்கிறது. கழுத்தில் இரண்டு பல் பட்ட அடையாளம், அவ்வளவுதான். உடம்பு முழுசாக இருக்கிறது. இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பசியில் இருக்கிற நாய், பிடித்ததில் ஒரு வாய்கூடத் தின்னாமல் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தது. அம்மா அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதாள். குடலும் தலையும் பொன்னாச்சிக்கு. மிச்சம் எங்கள் ஆறு பேருக்கு. அதற்கப்புறம் இன்னும் இரண்டு தடவை கொண்டுவந்தாள். தாத்தா சாகிறதற்கு முன்னால் கடைசியாக ருசித்துத் தின்றது அவள் பிடித்த முயல்தான்.

தாத்தா 74 ஆவணியில் போய்விட்டார். காய்ச்சல் என்றுதான் சொன்னார்கள்.

பிறகு பாஸ்போர்ட் வந்தது. இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது 1964 அக்டோபர் 30ஆம் தேதி, நான் பிறப்பதற்கு முந்தைய வருடம். 1948இல் குடியுரிமை பறிபோன எங்கள் ஆட்களை 9,75,000 பேர் என்று கணக்குப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பத்து வருடம் கழித்துச் சரிபாதியாகப் பங்கு வைத்தார்கள். அப்பா இந்தியாவுக்கு எழுதினார். அத்தை வீட்டுக்காரர் இலங்கைக்கு எழுதினார். ஒரே லயத்தில், சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் ஒரு நாடு. கண்டிக்குப் போய் வந்த காகிதத்தில் அப்பா, அம்மா, அப்பாயி, தம்பி, நான் என்று வரிசையாகப் பேர் இருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "பொன்னாச்சி பேரு எங்கப்பா?" என்று கேட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை. காகிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்தார்.

1975 மாசி. காமன் கூத்துக்குத் தப்பு அடித்துப் பழகுகிற சத்தம் மேட்டு லயத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மாவும் அப்பாயியும் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொன்னார்கள். ஆடு குட்டியை விற்றோம். கோழியை அடித்து ஆக்கினோம். பொன்னாச்சியை மட்டும் விற்கவும் முடியாது, ஆக்கவும் முடியாது, கூட்டிக்கொண்டு போகவும் முடியாது. அத்தை பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

கிளம்புகிற அன்றைக்கு விடியற்காலம், எங்கிருந்தோ அம்மா மாவு சேர்த்து வைத்திருந்தாள். தேங்காய் திருவிப் போட்டுத் தடியாக ஒரு ரொட்டி தட்டினாள். எங்களுக்கு இல்லை. முழுசையும் பொன்னாச்சி முன்னால் வைத்தாள். இரண்டு வருடமாக முழு ரொட்டியைக் கண்ணால் பார்க்காத நாய். ஓர் ஓரம் கடித்துத் தின்றாள். பிறகு மிச்சத்தை அப்படியே கவ்விக்கொண்டு, எங்களை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, லயத்துக்குப் பின்னால் இருக்கிற தேயிலைக்குள் நுழைந்தாள். ஒளித்துவைக்கப் போகிறாள் என்று எங்களுக்குத் தெரியும். எது கிடைத்தாலும் பாதியைப் புதைத்து வைக்கிற பழக்கம் பஞ்சத்தில் வந்தது. குட்டைக் காலால் குழி தோண்ட அவளுக்கு நேரம் ஆகும். தோண்டி, வைத்து, மூக்கால் மண்ணைத் தள்ளி மூடி, திருப்தியில்லாமல் மறுபடி எடுத்து வேறு இடம் பார்ப்பாள்.

லொறி வந்துவிட்டது. பெட்டியை ஏற்றினார்கள். பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். நான் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு தேயிலையையே பார்த்தேன். மேலே, தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில், ஒரு வாது ஆடியது. அதற்கடுத்தது ஆடியது. கூப்பிட வாயெடுத்தேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். "கூப்பிடாத. வந்தா பின்னாடியே ஓடியாருவா" என்றாள். லொறி திரும்பியதும் ஸ்டோர் குறுக்கே வந்து மறைத்துவிட்டது.

பதுளை மலைநாட்டு ரயில் பாதையின் கடைசி ஸ்டேஷன். 1924இல் கோச்சி அங்கே வந்து சேர்ந்தது. அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. எங்களுக்கு அதுவே முதல் ஸ்டேஷன். ஆட்களை இந்தியாவுக்கு ஏற்றிப் போன வண்டிகளுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பேர். பிளாட்பாரத்தில் அழுத அழுகை வண்டிக்குள்ளும் அடங்கவில்லை. ஹாலிஎல தாண்டியது. தெமோதரைக்கு வரும்போது வண்டி ஒரு சுரங்கத்துக்குள் புகுந்து, வெளியே வந்து, மலையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, புகுந்த அதே சுரங்கத்துக்கு மேலே கட்டியிருக்கிற ஸ்டேஷனில் வந்து நிற்கும். அதிசயம் என்று இப்போது வெளிநாட்டுக்காரர்கள் வந்து படம் பிடிக்கிறார்கள். எனக்கு அது தெரியாது. வண்டி வளைந்து வளைந்து வந்த பக்கமே திரும்புவது மட்டும் தெரிந்தது. "அப்பா, கோச்சி திரும்புது! பொன்னாச்சிய எடுத்துட்டுப் போகத்தான் திரும்புது!" என்று கத்திவிட்டேன். பெட்டியில் இருந்த ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். வண்டி எல்லப் பக்கம் ஏறிப் போயிற்று.

தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல். ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாம். அங்கே எனக்குக் காய்ச்சல் கண்டது. மருந்து கொடுத்தார்கள், எனக்கோ இது என்ன காய்ச்சல் என்று நிச்சயமாகத் தெரிந்திருந்தது. விட்டுவிட்டு வந்தவர்களைப் பொன்னாச்சியின் கோபம் பிடித்திருக்கிறது. ஆளனுப்பி அழைத்து வந்தால்தான் இறங்கும். அப்பாயியிடம் சொன்னேன். அவள் என் நெற்றியில் துணி நனைத்துப் போட்டுக்கொண்டே, "அவ கோவிக்க மாட்டா ஆயா. கதையில உள்ளவ வேற, நம்ம புள்ள வேற" என்றாள். அது எனக்குக் காய்ச்சலைவிடக் கஷ்டமாக இருந்தது. கோபித்துக்கொண்டாள் என்றால் தாங்கியிருப்பேன்.

எங்களை மாதிரி வந்தவர்களுக்காக 1968இல் நீலகிரியில் அரசாங்கம் ஆரம்பித்த தேயிலைத் தோட்டம்தான் இன்றைக்கு டான்டீ என்று இருப்பது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அதில் வேலை கிடைத்தது. காட்டை வெட்டித் தேயிலை வைத்தார்கள். இங்கே எங்களுக்கு சிலோன்காரர்கள் என்று பேர். நானும் லொறியை லாரி என்றும், கோச்சியை ரயில் என்றும், காம்பராவை ரூம் என்றும் சொல்லப் பழகிவிட்டேன். பொன்னாச்சியைப் பற்றிப் பேசினால் மட்டும் பழைய வார்த்தைகள் தாமாக வந்துவிடுகின்றன. இஸ்தோப்பு என்கிற வார்த்தையை என் பேத்திக்கு விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். திண்ணை என்றாள். திண்ணை இல்லை. பொன்னாச்சியை மல்லாக்கப் போட்டு அட்டை எடுத்த இடத்துக்கு வேறு பேரே கிடையாது.

நாய் இல்லாமல் இருந்ததில்லை. நாலு நாய் வளர்த்தாயிற்று. இரண்டைச் சிறுத்தை கொண்டுபோனது. இந்தப் பக்கம் அது சாதாரணம். எல்லாம் நல்ல நாய்கள், உயரமான நாய்கள். குட்டைக் கால் ஒரே ஒரு மரபணுவின் கூடுதல் நகலால் வருகிறது என்று 2009இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். தாய், தகப்பன் இரண்டில் ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதுமாம். என் மகன் அதைப் படித்துச் சொன்னான். பொன்னாச்சி 72இல் மூன்று குட்டி போட்டாள். இரண்டு குட்டைக் கால். ஒன்றை ஹாலிஎலப் பக்கம் கொடுத்தோம், ஒன்று பங்களாத் தோட்டக்காரர் வீட்டுக்குப் போயிற்று. பதுளைப் பக்கத்துச் சொந்தக்காரப் பிள்ளைகள் இப்போது கல்யாணம் காட்சி என்று போனில் படம் அனுப்புகிறார்கள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்துவிட்டு, படத்தின் கீழ் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.

அத்தைக்கு எழுதத் தெரியாது. தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டரிடம் சொல்லி எழுதுவாள். முதல் கடிதம் மூன்று மாதம் கழித்து வந்தது. பொன்னாச்சி தன் வீட்டில் சாப்பிடுகிறாள், ஆனால் படுக்கிறது பூட்டிக் கிடக்கிற உங்கள் காம்பரா வாசலில்தான் என்று எழுதியிருந்தது. அடுத்ததில், அவளுக்கு உடம்பு தேறிவிட்டது என்று இருந்தது. அப்பா அந்த வரியை இரண்டு தரம் படிக்கச் சொன்னார். 76 கடைசியில் வந்த கடிதத்தில், நம் காம்பராவை லுணுகலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள், பொன்னாச்சி இடத்தை விட்டு நகரவில்லை, அவர்களும் விரட்டவில்லை, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு, மழைக்கு உள்ளே விடுகிறார்கள் என்று இருந்தது. அடுத்த வருடம் 77இல் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தில் அத்தை குடும்பம் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் கடிதங்களில் எழுத வேறு துயரங்கள் இருந்தன.

மழைக்கு உள்ளே விடுகிறார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் அந்தச் சந்தைக் கண்டுபிடித்திருப்பாள். அந்தப் பிள்ளைகளுக்கு அறுபது வயது ஆகியிருக்கும் இப்போது, என்னைப் போல. பொன்னர் சங்கர் கதை அவர்கள் வீட்டில் சொன்னார்களோ என்னவோ. அத்தை சொல்லாமல் விட்டிருந்தால் அவள் பேர் அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்களோ.